மூன்று நிமிஷ மாஸ்டர்

போன மாதம் பக்கத்து வீட்டு அம்மாளுக்குத் துணையாக, நான் இருபத்தெட்டு வருஷம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எங்கள் பழைய வராந்தாவில் ஒரு பெண் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி. போனுக்குள்ளிருந்து ஒரு குரல், "சூப்பர்! நிறுத்தாதீங்க! இன்னும் அஞ்சு நிமிஷம்!" என்று கூவியது. எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, போனைப் பிடுங்கி என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். அது பைக்குள்ளிருந்தும் "வெல்டன்!" என்றது.

இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் சஹானா ஓடி வந்தாள். என்னிடம் வேலை கற்றவள்.

"மேடம், அது ஆப் மேடம். மோட்டிவேஷன்."

"மோட்டிவேஷனாம், மண்ணாங்கட்டியாம். அந்தப் பொண்ணுக்கு என்ன வியாதி?"

"ஃபைப்ரோமயால்ஜியா."

"மூர்த்தி சார் இருந்திருந்தா உன்னையும் சேர்த்துப் பைக்குள்ள போட்டிருப்பாரு."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். "சும்மா திட்டாதீங்க மேடம், எங்களுக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுங்க" என்றாள் சஹானா. எழுதுகிறேன். பிறகு நீளமாக இருக்கிறது என்று யாரும் குறை சொல்லக் கூடாது.

படித்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. பாதி நாள் எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தேன், மீதி நாள் மறந்தேன். வேலை கற்றது படிப்பு முடிந்து மைசூருக்குத் திரும்பி வந்து, இந்த ஆஸ்பத்திரியில் மூர்த்தி சாரிடம் சேர்ந்த பிறகுதான்.

மூர்த்தி சார் எங்கள் டிபார்ட்மெண்ட் தலைவர். ஒல்லி மனிதர். கைக்கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். மணி பார்க்க அவர் உள்ளங்கையை விரிக்கும்போதெல்லாம், புதிதாக வந்த நோயாளிகள் ஏதோ கேட்கிறார் என்று நினைத்துச் சீட்டை நீட்டுவார்கள். கன்னடக்காரர், ஆனால் கன்னடத்திலும் அதிகம் பேச மாட்டார். அவருடைய மொத்த வைத்தியமும் ஒரே வார்த்தையில் இருந்தது. 'ஸாகு.' போதும் என்று அர்த்தம். நோயாளி "இன்னும் கொஞ்சம் நடக்கறேன் சார்" என்பார். சார் உள்ளங்கையை விரிப்பார். "ஸாகு." முடிந்தது கதை.

ஃபைப்ரோமயால்ஜியா என்பது ஒரு பொல்லாத வியாதி. உடம்பு முழுக்க வலிக்கும், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. ராத்திரி முழுக்கப் படுத்திருந்தாலும் காலையில் மூட்டை தூக்கினவர் மாதிரி எழுந்திருப்பார்கள். ரத்தப் பரிசோதனை எல்லாம் சுத்தமாக இருக்கும். உடனே வீட்டில் இருப்பவர்கள் "எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் என்ன நடிப்பு?" என்று ஆரம்பிப்பார்கள். நடிப்பே இல்லை. ரேடியோவில் யாரோ சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போன மாதிரி, சின்னத் தொடுகையைக்கூட நரம்புகள் பெரிய வலியாகச் சொல்கின்றன. இதற்கு மாத்திரையைவிட உடற்பயிற்சிதான் கைகொடுக்கும். ஆனால் உப்புப் போடுகிற மாதிரி போட வேண்டும். கூடிவிட்டால் அவ்வளவுதான்.

மூர்த்தி சாரின் முறை இது. முதல் நாள் பயிற்சியே கிடையாது. ஒரே கேள்வி: "போன மாசத்துல ரொம்ப மோசமான நாள் எது? அன்னிக்கு எவ்வளவு நேரம் நடந்தீங்க?" அந்தப் பதில்தான் அளவு. மோசமான நாளிலும் அவ்வளவு, நல்ல நாளிலும் அவ்வளவேதான். இரண்டு வாரம் தவறாமல் நடந்தால் ஒரு நிமிஷம் கூட்டுவார். ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு. அதில் தேதி, நடந்த நிமிஷம், மூன்றாவதாக 'ஆசை மிச்சம் உண்டா?' என்று ஒரு கட்டம். நிறுத்தும்போது இன்னும் நடக்கலாம் என்ற ஆசை இருந்திருக்க வேண்டும். 'இல்லை' என்று எழுதினால் அன்றைக்கு அதிகமாகிவிட்டது என்று பொருள். அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் சார் நோட்டில் கையெழுத்துப் போட்டதே இல்லை.

வேகத்துக்கும் ஒரு சோதனை இருந்தது. நடந்துகொண்டே ஒரு சமையல் குறிப்பு சொல்ல வேண்டும். "துவரம்பருப்பைக் கழுவி, புளியைக் கரைச்சு" என்று மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. புளிக்கும் பெருங்காயத்துக்கும் நடுவில் மூச்சு இரைத்தால் வேகம் அதிகம். எங்கள் வராந்தாவில் எந்த நேரமும் ஒன்பது பெண்கள் பிசிபேளேபாத் செய்துகொண்டே நடப்பார்கள். பக்கத்து எலும்பு டாக்டருக்குப் பதினொரு மணிக்கே பசி எடுத்துவிடும் என்று புகார் வந்தது.

இந்தக் கூட்டத்துக்குள்தான் ஒரு ஜூன் மாதம் ஆரோக்கியசாமி மாஸ்டர் வந்து சேர்ந்தார்.

ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் பி.டி. மாஸ்டர். எங்களைப் போல மைசூர்த் தமிழர், எங்கள் மாதா கோயில்காரர்தான். ஓய்வுக்கு இரண்டே வருஷம் பாக்கி. பெரிய மீசை. முப்பது வருஷம் பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்ட கறுப்பு. உடம்பெல்லாம் வலி. பெயரோ ஆரோக்கியசாமி. அவர் மனைவி ஸ்டெல்லா, ஒரு கட்டு ரிப்போர்ட்டைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தார்.

மூர்த்தி சார் தன் கேள்வியைக் கேட்டார்.

"மோசமான நாளா? எனக்கு அப்படி நாளே கெடையாது சார்!" என்றார் மாஸ்டர்.

"சும்னே சொல்றாரு" என்றார் ஸ்டெல்லா. "போன செவ்வாக்கெழமை பாத்ரூம் வரைக்கும் போயிட்டு வந்தாரு. அதுக்கே செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. போயிட்டு வர மூணு நிமிஷம் ஆச்சு."

சார் சீட்டில் எழுதினார்: மூன்று நிமிஷம்.

மாஸ்டர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் மீசையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"என்னா மேடம் இது, மூணு நிமிஷம்? எங்க ஸ்கூல்ல பிரேயருக்கு நிக்கவே அஞ்சு நிமிஷம் ஆகும். எல்.கே.ஜி. பசங்க இதைவிட ஜாஸ்தி நடப்பாங்களே!"

"அவங்களை அனுப்புங்க மாஸ்டர், அவங்களுக்கு வேற சீட்டுத் தர்றோம்" என்றேன். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான்.

ஸ்டெல்லா மருந்து வாங்கப் போனபோது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "மேடம், கால் வலிக்குதுன்னு எந்தப் பையன் வந்தாலும், நடிக்காதடா, ஒரு ரவுண்டு ஓடு, சரியாப் போயிடும்னு முப்பது வருஷம் சொல்லியிருக்கேன். இப்ப ஸ்டாஃப் ரூம்ல என்னைப் பாத்து அதையே சொல்றாங்க. எனக்கு வெக்கமா இருக்கு மேடம்." சொல்லிவிட்டுக் கர்ச்சீப்பை எடுத்து மீசையைத் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணை. எனக்குப் பாவமாக இருந்தது.

பாவமெல்லாம் மறுநாள் காலை வரைதான். மனிதர் நிற்கவே மாட்டேன் என்றார். மூன்று நிமிஷம் ஆனதும் "நிறுத்துங்க மாஸ்டர்" என்பேன். "இந்தா, இந்தத் தூண் வரைக்கும்" என்பார். தூண் வந்ததும் அடுத்த தூண். சமையல் குறிப்பு சொல்லச் சொன்னால் அவருக்குத் தெரிந்தது டிரில் கமாண்ட் மட்டும். "லெஃப்ட், ரைட், லெஃப்ட்" என்று சொல்லச் சொல்ல வேகம் ஏறியது. அதைத் தடை செய்து இட்லி செய்யும் விதம் சொல்லச் சொன்னோம்.

"அரிசியையும் உளுந்தையும் ஒரு அரை மணி ஊறப்போட்டு, ஒண்ணா மிக்ஸியில அடிச்சு, உடனே தட்டுல ஊத்தி..."

ஒன்பது பெண்களும் அப்படியே நின்றுவிட்டார்கள். குழுவில் கொள்ளேகாலிலிருந்து பஸ் பிடித்து வரும் சரசு என்று ஒருத்தி. பட்டுத்தறிக்காரி. அவளால் தாங்க முடியவில்லை.

"ஏனுங்க மாஸ்டரு, மாவு பொங்க வேண்டாங்களா? உங்கூட்டுல இட்லிய உடைக்கச் சுத்தி வெச்சிருக்காங்களாக்கும்?"

மாஸ்டர் ரோஷத்தில் இன்னொரு சுற்றுப் போனார். மாலையில் கைகால் வீங்கினாற்போல வலி என்று ஸ்டெல்லாவிடமிருந்து போன். நோட்டில் 'ஆசை மிச்சம் உண்டா?' என்ற கட்டத்தில் 'ஏராளம்' என்று எழுதியிருந்தார். பொய்.

வழி பிறந்தது தற்செயலாக. நான்காம் நாள், நான்காவது நிமிஷத்தில் நான் "போதும்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்போது வாசலில் ஒரு ஆட்டோக்காரர் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் வண்டியை விட, செக்யூரிட்டி நீளமாக ஒரு விசில் அடித்தார். மாஸ்டர் நின்றார். சும்மா நிற்கவில்லை. தூக்கின இடது காலைக் கீழே வைத்து, குதிகாலைச் சேர்த்து, இரண்டு கையையும் பக்கவாட்டில் ஒட்டவைத்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். சரசு ஒரு அடி பின்னால் போனாள்.

"என்ன ஆச்சு மாஸ்டர்?"

"விசில் வந்துச்சே மேடம்!"

"அது ஆட்டோவுக்கு."

"விசில்னா விசில்தான் மேடம். என் கிரவுண்டுல ஒரே ரூல். விசில் வந்தா பேச்சு நிக்கணும், மாஸ்டர் என்ன செய்யறாரோ அதைச் செய்யணும். ஒண்ணாங்கிளாஸுக்கும் அதான், டென்த்துக்கும் அதான்."

மூர்த்தி சார் தன் நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். உள்ளே சிவப்புக் கயிறு கட்டிய விசில். சிகிச்சைச் சீட்டில் 'உபகரணம்' என்ற இடத்தில் தன் அழகான கையெழுத்தில் 'விசில்' என்று எழுதினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் முகத்தில் எப்போதுமே எதுவும் இருக்காது.

அன்றிலிருந்து மூன்றாவது நிமிஷம் முடிந்தால் நான் ஊதுவேன், மாஸ்டர் நிற்பார். எத்தனை கெஞ்சியும் கேட்காத மனிதர், ஒரு ஊதலுக்கு ஆட்டுக்குட்டியாகிவிட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு நிமிஷம் கூடியது. வலி போய்விடவில்லை, ஆனால் தூக்கம் வந்தது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார் என்றார் ஸ்டெல்லா. இட்லியில்கூட மாவு பொங்க ஆரம்பித்திருந்தது. செப்டம்பர் முடிவில் எட்டு நிமிஷம்.

இனி நான் செய்த தப்பு. தசரா விடுமுறைக்கு முந்தின நாள் மாஸ்டர் துள்ளிக்கொண்டு வந்தார். "மேடம், இன்னிக்கு ஒரு எடத்துலயும் வலி இல்ல மேடம்! ஒரு எடத்துலயும்!" எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஊரெல்லாம் விளக்குப் போட்டிருந்தது. அந்த உற்சாகத்தில், "போங்க மாஸ்டர், நாலு நாள் ஜாலியா இருங்க!" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் அந்த மகானுபாவர் சாமுண்டி மலை படியேறினார். ஆயிரம் படி. நடுவில் நந்திகிட்டே உட்கார்ந்து மூச்சு வாங்கவும் இல்லையாம். மேலே போய், பஸ்ஸில் இறங்காமல் படியிலேயே இறங்கினாராம். அதன்பிறகு ஒன்பது நாள் படுக்கை. காபி டம்ளரைப் பிடிக்கக் கை வரவில்லை. விடுமுறை முடிந்து ஸ்டெல்லா வந்து என் மேஜைக்கு முன்னால் அழுதார்.

"மூணு நிமிஷம், நாலு நிமிஷம்னு நீங்க எண்ணி எண்ணிக் குடுத்தீங்க. இவரு ஒரே நாள்ல எல்லாத்தையும் கொட்டிட்டாரு."

அதைவிடப் பெரிய அடி பள்ளிக்கூடத்திலிருந்து. பிரின்சிபால் அம்மாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். டிசம்பரில் ஸ்போர்ட்ஸ் டே டிரில்லை மாஸ்டரே முன்னால் நின்று நடத்தினால் மைதானம் அவருக்கு. முடியாவிட்டால் ஜனவரியிலிருந்து ஸ்டேஷனரி ரூம்.

"நான் பென்சில் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா மேடம்?" என்றார் மாஸ்டர். "கிரவுண்டு எதிர்லயே அந்த ரூம். ஜன்னல் வேற இருக்கு." இந்த முறை கண்ணையே துடைத்துக்கொண்டார்.

மூர்த்தி சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன். நோட்டைத் திறந்து, காலியாக இருந்த தசரா நாட்களின் மேல் விரலை வைத்தார். "ஸாகு அந்த யாரு ஹேளபேகித்து?" போதும் என்று யார் சொல்லியிருக்க வேண்டும்? அவ்வளவுதான் கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பிறகு சீட்டில் மறுபடியும் 'மூன்று நிமிஷம்' என்று எழுதினார். அதற்குக் கீழே, 'விசில் இனி நோயாளியிடம்.'

மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. "தனக்குத்தானே விசில் அடிச்சுக்கிறவனைப் பைத்தியம்னுவாங்க மேடம். மாஸ்டர்னா மத்தவங்களுக்குத்தான் அடிப்பான்."

"நான் எத்தனை நாள் உங்க பின்னாடியே வர முடியும் மாஸ்டர்? மலைக்கு வந்தேனா?"

விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார், ஆனால் ஊதவில்லை. மூன்றாவது நிமிஷத்தில் அதை வாய்வரை கொண்டுபோவார், என்னைப் பார்ப்பார், நான்தான் "ம்ம்!" என்று அதட்ட வேண்டும். அப்புறம்தான் காற்று வரும். டிசம்பர் நடுவில் ஏழு நிமிஷத்துக்கு வந்தோம். டிரில்லோ பன்னிரண்டு நிமிஷம். ஏழாவது நிமிஷத்தில் விசில் அடித்து, நாற்காலியில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, மறுபடி எழுந்து மீதியை முடிப்பது என்று திட்டம் போட்டோம்.

"எல்லார் முன்னாடியும் உக்காந்தா, பாத்தீங்களா, நிக்க முடியலன்னு சொல்லி ஸ்டேஷனரி ரூம் சாவியை அங்கயே குடுத்துருவாங்க மேடம்."

"உக்காரலன்னா ஒன்பது நாள் படுக்கணும். எது வேணும்?" என்றேன்.

ஸ்போர்ட்ஸ் டே அன்று நானும் மூர்த்தி சாரும் போனோம். சார் ஆஸ்பத்திரி நேரத்தில் வெளியே வந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். மைதானத்தில் எண்ணூறு பிள்ளைகள், வெள்ளைச் சட்டை, நூல் பிடித்த வரிசை. மேடைக்கு முன்னால் தலைமை விருந்தினர், ஓய்வுபெற்ற ஒரு போலீஸ் அதிகாரி, நல்ல கனத்த சரீரம், கொடி ஏற்றின கையோடு அங்கேயே நின்றிருந்தார். பக்கத்தில் பிரின்சிபால். நடுவில் ஒற்றை ஆளாக மாஸ்டர். அவருக்காக நாங்கள் போடச் சொன்ன நாற்காலியைக் காணோம். ரோஷத்தில் எடுக்கச் சொல்லிவிட்டார்.

பாண்டு முழங்கியது. மாஸ்டர் கையைத் தூக்கினார், எண்ணூறு கை எழுந்தது. என்ன அழகு! மூன்றாவது நிமிஷம், ஐந்தாவது நிமிஷம். ஆறாவது நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் தசராவுக்கு முந்தின நாள் பார்த்த அதே வெளிச்சம் வந்துவிட்டது. முழங்கை பறக்கிறது, தாளம் ஏறுகிறது. மனிதர் இன்றைக்கு நிற்கப் போவதில்லை. என் பையில் இன்னொரு விசில் வைத்திருந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. எடுத்து வாயில் வைத்தேன். மூர்த்தி சார் என் மணிக்கட்டைப் பிடித்தார். "பேடா." வேண்டாம். மறு உள்ளங்கையை விரித்து மணி பார்த்தார். ஏழு.

மாஸ்டர் வேகம் குறையவே இல்லை. கை தோளுக்கு மேலே போனது, கீழே வந்தது. கீழே வந்த கை நெஞ்சில் தொங்கிய விசிலைப் பிடித்தது. நான் அதட்டவில்லை, அவர் என்னைப் பார்க்கவும் இல்லை. நீளமாக ஊதினார். பாண்டு நின்றது. நாற்காலி இல்லாததால், மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எண்ணூறு பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள்.

விசில் வந்தால் மாஸ்டர் செய்வதைச் செய்ய வேண்டும், அதுதானே ரூல். பாண்டுக்காரர்கள் டிரம்மோடு உட்கார்ந்தார்கள். பழைய மாணவர்கள் சிலர், பெற்றோராக வந்தவர்கள், யோசிக்காமல் உட்கார்ந்துவிட்டு அசடு வழிந்தார்கள். வாழ்நாள் முழுக்க விசிலுக்குக் கட்டுப்பட்ட போலீஸ் அதிகாரி, டமால் என்று தரையில் உட்கார்ந்தார். விருந்தினர் உட்கார்ந்துவிட்டாரே என்று பிரின்சிபால் பட்டுப்புடவையோடு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியாது. இரண்டு நிமிஷம் அந்த மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, சிரிப்பும் முட்டியது, மூக்கைச் சிந்தக்கூடப் பயமாக இருந்தது.

மறுபடி விசில். எண்ணூறு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். மீதி ஐந்து நிமிஷத்தை மாஸ்டர் நிதானமாக, தாளம் தப்பாமல் முடித்தார். அதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது பாருங்கள், அப்படி ஒரு கைதட்டல். "அடுத்த வருஷமும் அந்த உக்கார்ற ஐட்டம் வேணும் மாஸ்டர்" என்றார் பிரின்சிபால், புடவை மண்ணைத் தட்டிக்கொண்டே.

மாஸ்டர் எங்களிடம் வந்தார். வேர்வை வழிந்தது. சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து மூர்த்தி சாரிடம் நீட்டினார்.

"இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடலாம் போல இருக்கு சார்" என்றார். "ஓட மாட்டேன்."

சார் 'ஆசை மிச்சம் உண்டா?' என்ற கட்டத்தில் தானே 'உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் முகத்தில் அன்றைக்கு ஏதோ இருந்தது, சத்தியமாக.

அதற்குள் மேடைப் பக்கம் கலவரம். உட்கார்ந்த போலீஸ் அதிகாரியால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது. நானும் சாரும் போவதற்குள் மாஸ்டர் போய் அவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டார். அதிகாரிக்கு அவமானம் தாங்கவில்லை. நாளையிலிருந்து தினம் ஒரு மணி நேரம் ஓடப்போகிறேன், ஞாயிற்றுக்கிழமை சாமுண்டி மலை ஏறப்போகிறேன் என்று சபதம் போட்டார்.

மாஸ்டர் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"போன மாசத்துல ரொம்ப மோசமான நாள் எது சார்?"